மரம் ஏறும் கருவிகள்: நகமும் வளையமும்

பூனை மரம் ஏறுவதைக் காணும் மாணவன், அதன் நகங்களே அதற்கு உதவுகின்றன என்பதை எளிதில் அறிந்துகொள்கிறான். மனிதனுக்கும் அத்தகைய நகங்கள் இருந்தால் பனையும் தென்னையும் ஏறுவது எளிதாகுமே என்னும் எண்ணம் அவனுக்கு உடனே தோன்றும். இவ்வெண்ணம் புதியதன்று. ஜப்பானில் உள்ளங்கையில் கட்டிக்கொள்ளும் இரும்பு முட்களுக்கு 'ஷுகோ' என்று பெயர். தோல் பட்டை ஒன்றில் வளைந்த ஆணிகளைப் பொருத்தி இதுபோன்ற கருவியை வீட்டிலேயே செய்ய முயல்வோர் இன்றும் பல நாடுகளில் உள்ளனர்.

ஆனால், தலைமுறை தலைமுறையாக மரம் ஏறுவதையே தொழிலாகக் கொண்ட மக்களிடையே கைநகக் கருவி வழக்கத்தில் இல்லை. அவர்கள் நம்புவது கயிற்று வளையத்தையே. இதற்குக் காரணம் யாது? இக்கேள்விக்கு விடை காண்பது மாணவருக்கு இயந்திரவியலில் ஒரு நல்ல பாடமாகும். மரமேறும் தொழிலாளரிடையே பணியாற்றும் ஊழியருக்கோ அது உயிர் காக்கும் அறிவாகும்.

ஹைதராபாத்தைச் சூழ்ந்த மரமேறும் தொழில்

ஹைதராபாத் நகரைச் சுற்றியுள்ள தெலங்கானா மாவட்டங்களில் பனை மரமும் ஈச்ச மரமும் மிகுதியாக வளர்கின்றன. இவற்றிலிருந்து கள் இறக்குவது கௌடர் எனப்படும் சமூகத்தாரின் மரபுத் தொழிலாகும். நிஜாம் ஆட்சிக் காலத்தில் கள், சாராயம் ஆகியவற்றின் மீதான ஆப்காரி வரி அரசாங்கத்தின் முக்கிய வருவாய்களில் ஒன்றாக இருந்தது. இன்று புளிக்காத பதநீரை விற்பதற்கும் ஊக்கம் அளிக்கப்படுகிறது. ஹுசேன் சாகர் ஏரிக்கரையில் 2023ஆம் ஆண்டு மாநில அரசாங்கம் ஒரு பதநீர் விற்பனை நிலையத்தைத் திறந்தது.

மரத்தையும் இடுப்பையும் சேர்த்துச் சுற்றிவரும் தடித்த கயிற்றைத் தெலுங்கில் 'மோக்கு' என்பர். கால்களைப் பிணைக்கும் சிறு வளையம் ஒன்றும் உண்டு. தமிழ்நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் பனையேறுவோர் கால்களில் இடும் தளைநாரும் இவ்வகையைச் சேர்ந்ததே. ஆகவே ஹைதராபாத்தைக் குறித்து இங்குக் கூறப்படும் தத்துவங்கள் தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் பனையேறிகளுக்கும் பொருந்தும்.

இத்தொழிலின் உழைப்பை ஓர் உதாரணத்தால் மதிப்பிடலாம். பனையின் பாளையை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிவிட வேண்டும். சீவாவிடில் சாறு வடிவது நின்றுவிடும். எனவே பருவகாலத்தில் ஒரே மரத்தில் காலையும் மாலையும் ஏற வேண்டியிருக்கிறது. ஒருவர் 15 மீட்டர் உயரமுள்ள 10 மரங்களில் நாளைக்கு இருமுறை ஏறுவதாகக் கொண்டால், அவர் ஏறும் மொத்த உயரம் 300 மீட்டராகும். இது கோல்கொண்டாக் கோட்டை அமைந்துள்ள குன்றை நாள்தோறும் இரண்டரை முறை செங்குத்தாக ஏறி இறங்குவதற்குச் சமமாகும்.

15 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் 1¾ விநாடியில் தரையை அடைகிறது. அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறத்தாழ 62 கிலோமீட்டர். தவறி விழுபவர் எதையேனும் பற்றிக்கொள்ள இந்நேரம் போதாது. உயிர் தப்பினாலும் முதுகெலும்பு முறிந்து, வாழ்நாள் முழுவதும் நடக்க இயலாதவராகிவிடுதல் உண்டு. மரத்திலிருந்து விழுதல் இந்தியாவில் தண்டுவடக் காயங்களுக்கு முக்கியக் காரணங்களுள் ஒன்றாகும். மரமேறும் கருவியைப் பற்றிய ஆராய்ச்சி இதனாலேயே அவசியமாகிறது.

நகமுள்ள பிராணிகள் ஏறும் முறை

இரு கைகளால் ஒரு தூணைக் கட்டிப்பிடித்து ஏற வேண்டுமாயின், கைகள் தூணைப் பாதிக்கு மேல் சுற்றிவர வேண்டும். அப்போதுதான் இரு புறமிருந்தும் அமுக்கி உராய்வைப் பெற முடியும். அடிமரம் பருத்து, கைகள் குட்டையாக இருந்தால் இது இயலாது. அணிலின் கை பனையின் சுற்றளவில் மிகச் சிறிய பகுதியையே எட்டும். அதற்கு அம்மரம் ஏறத்தாழத் தட்டையான சுவரைப் போன்றதே. சுவரில் அமுக்கிப் பிடிக்க வழியில்லை. எனவே பட்டையினுள் ஊன்றும் நகம் அதற்கு இன்றியமையாததாகிறது.

நகத்தின் வளைவு கீழ்நோக்கி இருப்பதையும் கவனிக்க வேண்டும். உடல் கீழே இழுக்கும்போது நகம் மேலும் ஆழ்ந்து பதிகிறது. இதனால் பூனை தலை மேலாக எளிதில் ஏறுகிறது. ஆனால் தலைகீழாக இறங்கும்போது நகத்தின் வளைவு எதிர்ப்புறமாக அமைவதால் பிடி கிடைப்பதில்லை. அதனால் அது வாற்புறம் முன்னாகப் பின்னோக்கி இறங்க வேண்டியிருக்கிறது. அணில் தன் பின்னங்காலைக் கணுக்காலில் பின்னோக்கித் திருப்ப வல்லது. ஆகவே அது தலைகீழாகவும் விரைந்து இறங்குகிறது.

இங்கு எடையின் அளவும் முக்கியமானது. ஒரு பிராணியின் நீளம் இருமடங்கானால், தசையின் குறுக்குப் பரப்பு நான்கு மடங்காகிறது. எடையோ எட்டு மடங்காகிறது. தசையின் வலிமை குறுக்குப் பரப்பைச் சார்ந்ததாகையால், உடல் பெரிதாகப் பெரிதாகத் தன் எடையைத் தானே தூக்குவது கடினமாகிறது. கரடி, சிறுத்தை போன்ற பெரும் பிராணிகளும் நகத்தால் ஏறுகின்றன என்பது உண்மையே. எனினும் அவற்றின் முன்னங்கால்கள் மிக வலிமையானவை. நான்கு கால்களிலும் நகம் இருப்பதால் பின்னங்கால்கள் உடலை மேலே தள்ளுகின்றன. மனிதன் கையில் மட்டும் நகம் கட்டிக்கொண்டால் இவ்வுதவி அவனுக்குக் கிடைப்பதில்லை.

கைநகக் கருவியின் கணக்கு

வீட்டில் செய்யப்படும் கைநகக் கருவி பெரும்பாலும் மூன்று பகுதிகளைக் கொண்டது: மணிக்கட்டில் கட்டும் பட்டை, உள்ளங்கையில் அமையும் தகடு, அதில் பொருத்தப்பட்ட மூன்று அல்லது நான்கு வளைந்த முட்கள். இக்கருவியுடன் ஏறும் 60 கிலோகிராம் எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம்.

அவருடைய கைகள் பாதங்களுக்கு 150 சென்டிமீட்டர் மேலே இருக்கின்றன என்றும், உடலின் ஈர்ப்பு மையம் மரத்தின் பரப்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்றும் கொள்க. உடல் பின்னால் சாயாமல் இருக்கக் கைகள் மரத்தை நோக்கி 12 கிலோகிராம் அளவு இழுக்க வேண்டும். (60ஐ 30ஆல் பெருக்கி 150ஆல் வகுத்தால் இது கிடைக்கும்.) பாதங்களும் அதே 12 கிலோகிராம் அளவுதான் மரத்தை அமுக்குகின்றன. பாதத்திற்கும் பட்டைக்கும் இடையே உராய்வுக் குணகம் 0.5 என்று கொண்டால், பாதங்கள் தாங்கக்கூடிய எடை 6 கிலோகிராம் மட்டுமே. மீதி 54 கிலோகிராமும் கைகளின் மீதே விழுகிறது.

அடுத்த அடி ஏறுவதற்காக ஒரு கையை எடுத்தவுடன், இந்த 54 கிலோகிராமையும் மற்றொரு கையின் மூன்று நான்கு முட்களே தாங்க வேண்டும். ஏறுபவர் ஒவ்வோர் அடியிலும் ஒற்றைக் கையால் தொங்குகிறார் என்பதே இதன் பொருள். முன்கைத் தசைகள் இவ்வுழைப்பில் சில நிமிடங்களுக்குள் சோர்ந்துவிடும். மேலும் பனையின் பட்டை எங்கும் ஒரே தன்மையதன்று. உதிரும் பகுதியில் முள் பதிந்தால் பட்டையோடு பெயர்ந்து வந்துவிடும். மெல்லிய இரும்பால் செய்த முள் வளைந்துவிடும். மிகையாகக் காய்ச்சிக் கடினமாக்கிய முள் திடீரென ஒடியும். ஒன்று தவறினால் மற்றொன்று தாங்கும் என்னும் பாதுகாப்பு இக்கருவியில் இல்லை.

யாவற்றினும் முக்கியமான குறை வேறொன்றாகும். மரத்தின் உச்சியை அடைந்த தொழிலாளி அங்கே பாளையைச் சீவ வேண்டும். கலயத்தை அவிழ்க்க வேண்டும். கத்தியைக் கையாள வேண்டும். இரு கைகளும் மரத்தில் ஊன்றியிருந்தால் வேலை நடப்பதெப்படி? ஏறுவது மட்டும் நோக்கமன்று. ஏறிய இடத்தில் கைகள் ஓய்ந்து நிற்பதே நோக்கம். கைநகக் கருவி முதலாவதையும் அரைகுறையாகச் செய்து, இரண்டாவதை அறவே தடுத்துவிடுகிறது.

மரத்திற்கு நேரும் கேடு

மா, வேம்பு போன்ற மரங்களின் பட்டைக்கு அடியில் வளர்திசு ஒன்று உண்டு. காயம் ஏற்பட்டால் இத்திசு புதிய கட்டையையும் பட்டையையும் உண்டாக்கி, காலப்போக்கில் காயத்தை மூடிவிடுகிறது. பனை, தென்னை, ஈச்சு ஆகியன ஒருவித்திலைத் தாவரங்கள். அவற்றின் தண்டில் இத்தகைய வளர்திசு வளையம் இல்லை. ஆதலால் தண்டில் ஒருமுறை ஏற்பட்ட துளை அம்மரத்தின் ஆயுள் முழுவதும் துளையாகவே நின்றுவிடுகிறது.

இந்தத் துளைகள் வழியாக நீரும் பூசணமும் உட்புகும். சிவப்புக் கூன்வண்டு இத்தகைய காயங்களைத் தேடி முட்டையிடும் பழக்கமுடையது. அதன் புழுக்கள் தண்டைக் குடைந்து உள்ளிருந்தே மரத்தை அழிக்கின்றன. வெளியே அறிகுறி தெரியும்போது பெரும்பாலும் காலங்கடந்துவிடும். ஒவ்வொரு நாளும் இருமுறை ஏறப்படும் மரத்தில் கைமுட்கள் எத்தனை துளைகளை உண்டாக்கும் என்பதை மாணவர்களே கணக்கிடலாம். அடிக்கு எட்டுத் துளைகள் என்று கொண்டாலும், ஒரு பருவத்திற்குள் மரம் சல்லடைக் கண்ணாகிவிடும்.

ஈச்ச மரத்தில் சாறு எடுப்பதற்காகக் கொண்டையின் அடியில் ஆண்டுதோறும் மாறி மாறி இரு பக்கங்களிலும் செதுக்குவர். அதனால் அதன் தண்டு வளைந்து வளைந்து காணப்படும். அது தொழிலுக்கு அவசியமான காயம். ஏறுவதற்காக அதற்கு மேலும் காயங்களைச் சேர்க்க வேண்டியதில்லை. தென்னையில் ஏறுவதற்காகப் படி வெட்டும் வழக்கத்தையும் இதே காரணத்தால் கைவிடச் செய்தல் நலம்.

வளையத்தின் தத்துவம்

வளையம் வேலை செய்யும் முறை நகத்திலிருந்து முற்றிலும் வேறுபட்டது. பாதங்கள் மரத்தின் முன்புறத்தை அமுக்குகின்றன. இடுப்பைச் சுற்றிய கயிறு மரத்தின் பின்புறத்தை அமுக்குகிறது. இவ்விரண்டு அமுக்கங்களுக்கும் இடையில் மரம் இடுக்கியில் அகப்பட்டது போலாகிறது. இரு புறமும் எழும் உராய்வே உடலைத் தாங்குகிறது. கை இதில் எவ்விதப் பளுவையும் ஏற்பதில்லை.

அமுக்கத்தின் அளவைக் கணக்கிடலாம். கயிறு மரத்தைத் தொடும் இடம் பாதங்களுக்கு 90 சென்டிமீட்டர் மேலே இருப்பதாகவும், ஈர்ப்பு மையம் மரத்தின் நடு அச்சிலிருந்து 45 சென்டிமீட்டர் தள்ளியிருப்பதாகவும் கொள்க. 60 கிலோகிராம் எடையுள்ளவருக்குக் கயிற்றின் அமுக்கம் 30 கிலோகிராமாகும். அவர் மேலும் பின்னால் சாய்ந்து ஈர்ப்பு மையத்தை 60 சென்டிமீட்டர் தூரத்திற்குக் கொண்டுசென்றால், அமுக்கம் 40 கிலோகிராமாக உயர்கிறது. மாறாக, அஞ்சி மரத்தை ஒட்டிக்கொண்டு 32 சென்டிமீட்டர் தூரத்திற்கு வந்தால், அது 21 கிலோகிராமாகக் குறைந்துவிடுகிறது.

புதிதாக மரம் ஏறக் கற்பவர் அஞ்சும்போது மரத்தைக் கட்டிக்கொள்கிறார். அச்செயல் பாதுகாப்பைத் தருவதாக அவருக்குத் தோன்றினும், அதுவே பிடியைத் தளர்த்துகிறது. பயிற்சி பெற்றவர் கயிற்றை நம்பிப் பின்னால் சாய்ந்து நிற்கிறார். தொழிலாளர் அனுபவத்தால் அறிந்த இவ்வுண்மையைக் கணக்கு உறுதிப்படுத்துகிறது.

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. வழுக்காமல் நிற்பதற்குத் தேவையான உராய்வுக் குணகம், கயிற்றுக்கும் பாதத்திற்கும் இடையேயுள்ள செங்குத்து உயரத்தை, ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து விலகியுள்ள தூரத்தின் இருமடங்கால் வகுத்தால் வரும் எண்ணாகும். மேற்கூறிய முதல் நிலையில் அது 1. பின்னால் சாய்ந்த நிலையில் 0.75, மரத்தை ஒட்டிய நிலையில் 1.4. பனையின் பட்டையில் மட்டை உதிர்ந்த தழும்புகள் வரிவரியாக இருப்பதால் கயிறு அவற்றில் சிக்கி நிற்கிறது. காலில் இடும் தளை இரு பாதங்களையும் சேர்த்து மரத்தை இடுக்கிக்கொள்ள உதவுகிறது. இவ்விரண்டும் சேர்ந்து மீதித் தேவையை நிறைவு செய்கின்றன. மழையில் பட்டை நனைந்து உராய்வு குறையும்போது ஆபத்து மிகுவதற்குக் காரணமும் இவ்விதியில் அடங்கியிருக்கிறது.

இவ்விதியில் ஏறுபவரின் எடை இடம்பெறவில்லை என்பது கவனிக்கத்தக்கது. எடை அதிகமானால் கீழ்நோக்கிய இழுப்பு அதிகமாகிறது. அமுக்கமும் அதே அளவில் அதிகமாகிறது. எனவே மெலிந்தவருக்கும் பருத்தவருக்கும் வழுக்கும் எல்லை ஒன்றே. நகத்திலோ எடை மிக மிக அபாயம் மிகும்.

வளையத்திலிருந்து மிதிக்கருவி

மேற்கண்ட விதியில் உயரத்தைக் குறைத்தால் தேவையான உராய்வும் குறையும். கேரள மாநிலம் கண்ணூர் மாவட்டம் செம்பேரியைச் சேர்ந்த எம். ஜே. ஜோசப் என்பவர் அமைத்த தென்னை ஏறும் கருவி இத்தத்துவத்தின் சிறந்த பயன்பாடாகும். அதில் ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாக இரு உலோகச் சட்டங்கள் உள்ளன. ஒவ்வொரு சட்டத்திலிருந்தும் ஒரு கம்பிவட வளையம் மரத்தைச் சுற்றி வருகிறது. மிதியில் எடை விழும்போது வளையம் இறுகிப் பிடிக்கிறது. எடையை எடுத்தவுடன் தளர்ந்து மேலே நகர்த்த இடங்கொடுக்கிறது.

உதாரணமாக, ஒரு மிதிக்கருவியில் வளையம் அமுக்கும் இடத்திற்கும் சட்டம் அமுக்கும் இடத்திற்கும் இடையே உயரம் 15 சென்டிமீட்டர் என்றும், மிதியின் தூரம் அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் என்றும் கொள்க. தேவையான உராய்வுக் குணகம் 0.25 மட்டுமே. இடுப்புக் கயிற்றுக்குத் தேவைப்பட்டதில் இது நான்கில் ஒரு பங்காகும். தென்னை வளர்ச்சி வாரியம் 2011ஆம் ஆண்டு தொடங்கிய 'தென்னை மரத்தின் நண்பர்கள்' என்னும் பயிற்சித் திட்டத்தில் இளைஞர்களும் பெண்களும் கருவி கொண்டு ஏறப் பயிற்சி பெற்றனர்.

ஆயினும் இக்கருவி எல்லா மரங்களுக்கும் ஏற்றதன்று. தென்னை ஏறத்தாழ ஒரே பருமன் உடையது. பனையின் அடி பருத்தும், மேற்பகுதி சிறுத்தும் இருக்கும். செதுக்கிய ஈச்சமரமோ வளைந்து வளைந்து செல்லும். அத்தகைய மரங்களில் வளையத்தின் நீளத்தை வழியிலேயே மாற்றும் வசதி தேவைப்படுகிறது.

மோக்கின் குறையும் புதிய கவசமும்

மோக்கு சிறந்த கருவியாயினும் அதில் ஒரு பெருங்குறை உண்டு. கயிற்றின் பிடி, கால்கள் மரத்தை உதைத்து நிற்பதைச் சார்ந்தது. கால் வழுக்கினால் அமுக்கம் அக்கணமே மறைந்து, கயிறும் மனிதனும் சேர்ந்து கீழே சறுக்குவர். ஒரே பிடி, ஒரே கயிறு என்னும் நிலையில் ஒரு தவறே விபத்தாகிவிடுகிறது. இதற்குப் பரிகாரம், முதல் கயிற்றைச் சாராத இரண்டாவது கயிறு ஒன்று எப்போதும் மரத்தோடு பிணைந்திருப்பதாகும். அக்கயிறு உதைப்பைச் சாராமல், உடலின் எடை இழுக்கும்போது தானே இறுகும் சுருக்காக அமைய வேண்டும்.

இத்தகைய பாதுகாப்பை அளிக்கும் நோக்கத்துடன் தெலங்கானா அரசாங்கம் 'காட்டமய்யா ரட்சண கவசம்' என்னும் திட்டத்தை மேற்கொண்டது. காட்டமய்யா என்பது கௌடர் சமூகத்தார் வழிபடும் கண்டமஹேஸ்வர சுவாமியின் பெயராகும். 2024 ஜூலை 14 அன்று, ஹைதராபாத்தை அடுத்த ரங்காரெட்டி மாவட்டம் அப்துல்லாபூர்மெட் மண்டலத்தைச் சேர்ந்த லஷ்கர்குடா கிராமத்தில் முதலமைச்சர் ஏ. ரேவந்த் ரெட்டி இதனைத் தொடங்கி வைத்தார். கயிறு, இணைப்புக் கொக்கிகள், கைப்பிடி, கால் வளையம், பை முதலியவை இத்தொகுதியில் அடங்கும்.

நல்ல உபகரணம் கிடைத்துவிட்டால் மட்டும் போதாது. அது நாள்தோறும் பயன்பட வேண்டும். ஒவ்வொரு மரத்திலும் கவசத்தை மாட்டிக் கழற்ற மூன்று நிமிடம் கூடுதலாகும் என்று கொள்வோம். 10 மரங்களில் இருமுறை ஏறுபவருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகச் செலவாகும். புதிய கருவியை ஒருவர் வீட்டில் தொங்கவிட்டுப் பழைய மோக்குடன் மட்டும் ஏறினால், அதை அறியாமை என்று ஊழியர் தள்ளிவிடலாகாது. அவருடைய ஒரு மணி நேரத்திற்கு விலை உண்டு. கருவியை விரைவாக மாட்டும் பழக்கம் வரும்வரை உடனிருந்து பயிற்றுவிப்பதும், எப்பகுதி தாமதத்தை உண்டாக்குகிறது எனத் தொழிலாளரிடமே கேட்டறிந்து மேலதிகாரிகளுக்குத் தெரிவிப்பதும் ஊழியரின் கடமையாகும். பழகிய தொழிலாளியின் திறமையை மதித்துப் பேசுபவரின் சொல்லே கிராமத்தில் எடுபடும்.

வகுப்பறைச் சோதனைகள்

1. உராய்வுக் குணகத்தை அளத்தல்: உதிர்ந்து கிடக்கும் பனம்பட்டைத் துண்டு ஒன்றைப் பலகையில் பொருத்துக. அதன் மீது கயிறு சுற்றிய மரக்கட்டையை வைத்து, பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்துக. கட்டை சறுக்கத் தொடங்கும் நிலையில், உயர்த்திய முனையின் உயரத்தை அடித்தளத்தின் நீளத்தால் வகுக்கக் கிடைப்பது உராய்வுக் குணகம். பட்டையை நனைத்து மீண்டும் செய்து, இரு விடைகளையும் ஒப்பிடுக.

2. தானே இறுகும் வளையம்: விளக்குமாற்றுக் கட்டையைச் செங்குத்தாக நிறுத்துக. தடித்த கம்பியை வளைத்து, கட்டையைத் தளர்வாகச் சுற்றும் வளையமும் அதிலிருந்து நீளும் கைப்பிடியும் அமைக்க. கைப்பிடியில் கட்டைக்கு அருகே ஓர் எடையைத் தொங்கவிட்டால் வளையம் சறுக்கி விழும். எடையைச் சிறிது சிறிதாக வெளியே நகர்த்தினால், ஒரு தூரத்திற்கு அப்பால் அது அசையாது நிற்கும். பின்னர் எடையை இருமடங்காக்கி, அத்தூரம் மாறுகிறதா எனக் காண்க. மாறாதது கண்டு மாணவர் வியப்பர்.

3. நகத்தின் சோதனை: மென்மரத்துண்டு ஒன்றில் வளைந்த ஆணியை ஊன்றி, கீழ்நோக்கியும் வெளிநோக்கியும் தனித்தனியே விற்றராசால் இழுத்து, எத்திசையில் எளிதில் பெயர்கிறது என்று குறிக்க. பூனை தலைகீழாக இறங்காத காரணம் இதனால் விளங்கும்.

இச்சோதனைகள் யாவும் தரையிலேயே செய்யத்தக்கவை. கைநகக் கருவியைச் செய்து மரத்தில் ஏறிப் பார்க்கும் முயற்சியை ஆசிரியர் எந்நிலையிலும் அனுமதிக்கலாகாது.

ஊழியர் கவனிக்க வேண்டியவை

ஒவ்வொரு நாளும் ஏறுமுன் கயிற்றை முழு நீளத்திற்கும் விரல்களிடையே உருவிப் பார்க்குமாறு தொழிலாளருக்கு அறிவுறுத்த வேண்டும். இழை அறுந்த இடம், கடினமாகிப்போன இடம், மெலிந்த இடம் ஆகியன காணப்பட்டால் அக்கயிற்றைத் தண்ணீர் இறைப்பதற்கும் தராமல் துண்டுகளாக வெட்டிவிட வேண்டும். முழுக் கயிறாக இருக்கும்வரை யாரேனும் அதை எடுத்து மீண்டும் ஏறப் பயன்படுத்தக்கூடும்.

நைலான் கயிற்றை அமிலமும் வெயிலும் கெடுக்கும். பாலியெஸ்டர் கயிற்றைக் காரம் கெடுக்கும். புளித்த கள்ளில் அமிலம் உண்டு. பதநீர்க் கலயத்தில் தடவும் சுண்ணாம்பு காரமாகும். ஆகவே கயிற்றைக் கலயங்களோடு சேர்த்து வைக்காமல், நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும்.

பாளை சீவும் கத்தி மிகக் கூரியது. இழுபட்டு விறைத்து நிற்கும் கயிறு, தளர்ந்த கயிற்றைவிட மிக எளிதில் அறுபடும். எனவே கத்தியை எப்போதும் உறையில் வைத்தே ஏறவும், சீவும்போது கயிறு இருக்கும் திசைக்கு எதிராக வீசவும் பழக வேண்டும். இடுப்புக் கச்சையும் உடற்பட்டையும் வாங்கும்போது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 3521 என்னும் தரக்குறி உள்ளதா என்று பார்க்க வேண்டும். மழை பெய்யும்போதும், மரம் நனைந்து உலராதபோதும், தேன்கூடு காணப்படும்போதும் ஏறாமலிருத்தல் நன்று. தனியே செல்ல நேரிடின், எந்த மரத்திற்குச் செல்கிறார் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லும் வழக்கமாவது இருக்க வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

விழுந்தவரைத் தோளிலோ கட்டிலிலோ தூக்கிக்கொண்டு ஓடுவது பெருந்தவறாகும். முதுகெலும்பு முறிந்திருந்தால், வளைத்துத் தூக்கும்போதே தண்டுவடம் சிதைந்து கால்கள் செயலற்றுப் போகலாம். அவர் கிடந்த நிலையிலேயே தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொண்டு, உடனே 108க்குத் தெரிவிக்க வேண்டும். இவ்வவசர ஊர்தி சேவை 2005 ஆகஸ்டு 15 அன்று ஹைதராபாத்திலேயே முதன்முதலில் தொடங்கப்பட்டுப் பின்னர் பல மாநிலங்களுக்கும் பரவியது. கட்டாயம் நகர்த்த நேரிடின், பலர் சேர்ந்து உடலை ஒரே நேராக உருட்டிப் பலகையில் ஏற்ற வேண்டும். கவசக் கயிற்றில் மயங்கித் தொங்குபவரை விரைவில் கீழிறக்க வேண்டும். அசைவின்றித் தொங்கினால் இரத்தம் கால்களில் தேங்கி உயிருக்கு ஆபத்து நேரிடலாம்.

முடிவுரை

நகம் ஒரு புள்ளியில் ஊன்றுகிறது. வளையம் மரம் முழுவதையும் தழுவுகிறது. நகம் கையின் வலிமையைச் செலவிடுகிறது. வளையம் உடலின் எடையையே பிடியாக மாற்றுகிறது. நகம் மரத்தைப் புண்படுத்துகிறது. வளையம் அதனைக் காக்கிறது. மரமேறும் மக்கள் நகத்தை விடுத்து வளையத்தைத் தெரிந்துகொண்டதன் காரணம் இதுவே. அவ்வளையத்திற்குத் துணையாக இரண்டாவது வளையம் ஒன்றைச் சேர்ப்பதே இன்று செய்ய வேண்டிய பணியாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பனையில் ஏற்பட்ட காயம் மூடாமலிருக்க, மாமரத்தின் காயம் மூடுவது ஏன்?

2. ஒருவருடைய இடுப்புக் கயிறு பாதங்களுக்கு 80 சென்டிமீட்டர் மேலே மரத்தைத் தொடுகிறது. அவருடைய ஈர்ப்பு மையம் அச்சிலிருந்து 50 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளது. வழுக்காமலிருக்கத் தேவையான உராய்வுக் குணகம் யாது? (விடை: 0.8)

3. மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பதைவிடப் பின்னால் சாய்ந்து நிற்பது பாதுகாப்பானது ஏன்?

4. உங்கள் ஊரில் மரம் ஏறுவோர் பயன்படுத்தும் கருவிகளின் பெயர்களையும் உறுப்புகளையும் அவர்களிடமே கேட்டுப் படம் வரைந்து குறிக்க. அவற்றுள் ஒன்று அறுந்தால் தாங்குவதற்கு மற்றொன்று இருக்கிறதா என்பதையும் எழுதுக.